இரண்டு ஆள் மோட்டார்

என் மாமா மெக்கானிக் ஆனது காது சரியாகக் கேட்காததால்தான். ஜப்பான்காரன் ஆட்சியில் யார் யாரோ என்னென்னவோ ஆனார்கள். துரை பங்களாவில் கேக் சுட்டுக்கொண்டிருந்தவர் மரவள்ளிக்கிழங்கு நட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எங்களுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருவதை விட்டுவிட்டு, ஜப்பான் இருக்கும் திசையைப் பார்த்து முதுகு வளையாமல் எப்படிக் குனிவது என்று சொல்லித்தந்தார். அவர்களெல்லாம் வேறு வழியில்லாமல் ஆனவர்கள். மாமா மட்டும் ஒரே ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டு ஆனவர்.

எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில், லிங்கி ஆற்றோரம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். மாமா அம்மாவின் தம்பி, கல்யாணமாகாதவர், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். வெள்ளைக்காரத் துரை இருந்தவரை மாமாவுக்கு ஆற்றில்தான் வேலை. காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைத் தொங்காங் என்ற பெரிய சரக்குப் படகில் ஏற்றி, கழி ஊன்றிக் கடல்முகம்வரை கொண்டுபோவார். ஞாயிற்றுக்கிழமையானால் துரை மீன்பிடிக்கக் கிளம்புவார். அவருடைய சின்னப் படகில் உட்கார்ந்து தூண்டிலுக்குப் புழு கோத்துக் கொடுப்பதும் மாமாதான். அந்தப் படகின் பின்பலகையில் ஒரு மோட்டார் மாட்டியிருக்கும். துரை அதில் கயிற்றைச் சுற்றி இழுப்பார், அது கிளம்பாது, திட்டுவார், மறுபடியும் இழுப்பார். மாமாவுடைய இயந்திரப் படிப்பு அவ்வளவுதான். துரை திட்டிய ஆங்கில வசவுகளையும் வேலையின் ஒரு பகுதி என்று நினைத்து, வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அந்த நாட்களில் பெரியவர்கள் மெதுவாகச் சொல்லும் வார்த்தை சயாம். அங்கே ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு ஆள் பிடிக்கத் தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. கொஞ்ச நாள் வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. காட்டுக்குள் ஓடி ஒளிந்தால், வீட்டிலிருப்பவர்களுக்கு அளக்கிற கைப்பிடி அரிசியையும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். சயாம் என்பது ஒரு காட்டு மிருகத்தின் பெயர் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலைப் பெரட்டுக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். பெரட்டு என்றால் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அன்று பெண்களும் பிள்ளைகளும்கூட வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. அதிகாரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராணி மூக்குக்கண்ணாடியோடு நின்றார். தோட்டத்துக் கணக்குகளைப் பார்க்கும் அவரை யாருக்கும் பிடிக்காது. கொஞ்சம் பிந்தி வந்தாலும் அரைப் பேர் போட்டுவிடுவார், அதாவது பாதி நாள் கூலிதான் கிடைக்கும். தூரத்தில் அவர் வெள்ளைச் சட்டை தெரிந்தாலே அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எதையோ முணுமுணுப்பாள்.

கிராணி பெயர்களை வாசித்தார். அப்பா பெயர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா பெயரும் வந்தது. இரண்டு பேரும் போய் சயாம் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் கை என் தோளை இறுக்கியதில் எனக்கு வலித்தது. ஆனால் கத்தக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

அப்போது அதிகாரி வரிசையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில் உரக்கக் கேட்டார்.

"துக்காங்! துக்காங் அடா கா?"

துக்காங் என்றால் கைத்தொழில் தெரிந்தவன். தச்சன், கொல்லன், மெக்கானிக் யாராவது இருக்கிறீர்களா என்பதுதான் அவர் கேட்டது. ஆனால் ஜப்பான் வாயிலிருந்து புறப்பட்ட மலாய் வார்த்தை தமிழ்க் காதுக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் உருமாறிவிட்டது. மாமாவுக்கு அது தொங்காங் என்று கேட்டது. படகு இருக்கிறதா என்று கேட்கிறான், படகு நம் பொறுப்பில் இருந்தது, பதில் சொல்லாவிட்டால் அறை விழும் என்று பயந்து கையைத் தூக்கிவிட்டார்.

"அடா, துவான்! சத்து அடா!"

இருக்கிறது ஐயா, ஒன்று இருக்கிறது. அதிகாரி ஒரே ஒரு மெக்கானிக் இருப்பதாகப் புரிந்துகொண்டு, மாமாவின் சட்டையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். படகைக் காட்டச் சொல்கிறார் என்று மாமா ஆற்றை நோக்கி நடந்தார். பட்டறைக்குக் கூட்டிப்போகிறான் என்று அதிகாரி பின்னால் நடந்தார். கிராணியும் போனார். பிள்ளைகள் நாங்களும் தூரத்தில் தொடர்ந்தோம்.

துறையில் தொங்காங் பாதி அழுகிக் கிடந்தது. அதிகாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த துரையின் சின்னப் படகைத்தான் பார்த்தார். அதன் பின்பலகையில் மோட்டார் மாட்டுகிற இரும்புப் பிடி மட்டும் இருந்தது. மோட்டார் எங்கே என்று கையை விரித்துக் கேட்டார். மாமா தண்ணீரைக் காட்டினார்.

அது தண்ணீருக்குள் போனதே மாமாவால்தான். துரை ஊரைவிட்டு ஓடுகிற அவசரத்தில், மோட்டார் எதிரி கையில் சிக்கக்கூடாது, சுத்தியலால் அடித்து ஆற்றில் போட்டுவிடு என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமா எந்த வேலையையும் முழுசாகச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வேலையை மட்டும் ஆசை தீரச் செய்திருந்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை புழு கோத்த கோபமோ! இப்போது உடைத்தவரே அதை ஒட்டவைக்கவும் வேண்டியதாகிவிட்டது.

சேற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கிக் கரையில் போட்டார்கள். அதிகாரி மலாயில் பேச, கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"அடுத்த லாரியோட திரும்ப வருவாராம். அதுக்குள்ள இது ஓடணும். கடல்முகம் வரைக்கும் ஆத்துல சுத்திப் பாக்கணுமாம். ஓடுச்சுன்னா நீ இங்கயே படகோட்டலாம். ஓடலைன்னா லாரியில ஏறிக்க."

"கிராணி ஐயா, நான் மெக்கானிக்கு இல்லீங்களே" என்றார் மாமா, உதடு அசையாமல்.

கிராணி அவரைப் பார்க்காமலே கேட்டார். "அத நான் சொல்லட்டுமா, நீயே சொல்லிக்கிறியா?"

மாமா குனிந்து மோட்டாரிலிருந்த சேற்றை வழித்தார். மேலே சடக்கில், அதாவது சாலையில், நின்ற லாரி அதற்குள் நிரம்பி வழிந்தது. இடம் இல்லாமல் சிலரை அடுத்த முறைக்கு என்று நிறுத்திவைத்தார்கள். அப்பா அதில் ஒருவர். ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் கெடு அந்த அடுத்த லாரிதான். மாமாவுக்காவது பிடித்துக்கொள்ள ஒரு மோட்டார் இருந்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை.

மாமா மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அதன் ஓட்டைகளிலிருந்து சேறும் சின்ன நண்டு ஒன்றும் விழுந்தன. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏன்டா, கையத் தூக்குறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிக்க மாட்டியா?"

"படகு இருக்கான்னு கேக்குறான்னு நெனச்சேன்க்கா."

"சரி, வாய்க்கு வந்தாச்சு. இனிமே கைக்கு வரணும்" என்றாள் அம்மா.

மோட்டாரைத் துடைத்துப் பார்த்ததில் சுத்தியல் செய்த வேலை நன்றாகத் தெரிந்தது. அப்பா வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சின்ன தொர வண்டிக்குள்ளயும் இதே மாதிரி ஒண்ணு இருக்குமில்ல மச்சான்?" என்று கேட்டார். சின்ன துரை என்றால் துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர். அவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் கிடந்தது. சக்கரங்களை யாரோ கழற்றிக் கைவண்டிக்கு மாட்டிக்கொண்டார்கள். மிச்சமிருந்த வண்டி பிள்ளைகளுக்குச் சொந்தம். நான் அதில் ஏறி உட்கார்ந்து எத்தனையோ முறை சிரம்பானுக்குப் போய், லோபாக் கடைத்தெருவில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன், இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகராமல். அதன் வயிற்றைக் கிழிக்கப்போகிறார்கள் என்றதும் எனக்கு அழுகை வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் வேலை நடந்தது. எப்படிச் செய்வது என்று வழி சொன்னவள் அம்மா. கித்தா என்கிற ரப்பர் மரங்களை நிரை நிரையாகத்தான் நட்டிருப்பார்கள். பால் வெட்டுகிறவர் தன் நிரையை விட்டு ஒரு மரம் தாண்டினாலும் அன்றைய வேலை முழுக்கக் குழம்பிவிடும். அம்மாவுக்கு உலகத்தில் எல்லாமே நிரைதான், அடுப்படியில் டப்பா அடுக்குவதுகூட. இரண்டு கோணிகளை எதிரெதிரே விரித்தாள். படகு மோட்டாரிலிருந்து ஒரு சாமான் கழன்றால், அதை இந்தக் கோணியில் வைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து அதே சாயலில் ஒன்றைக் கழற்றி, எதிர்க் கோணியில் அதற்கு நேராக வைக்க வேண்டும். இதில் உடைந்திருந்தால் அதில் இருப்பதை எடுத்துக்கொள்வது.

"நெரை தப்பாம வையி, நெரை தப்பாம வையி" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பால் வெட்டும் கத்தியும், உடைந்த குறடும், சைக்கிள் ஸ்பேனர் ஒன்றும்தான் அவர்களிடம் இருந்த ஆயுதங்கள்.

எந்தச் சாமானுக்கும் யாருக்கும் பெயர் தெரியாது. பெயர் வைத்தது பெரும்பாலும் நான்தான். உள்ளே ஏறி இறங்குவது டம்ளர். டம்ளரைச் சுற்றிப் போட்டிருந்த வளையங்கள் அம்மாவின் கால்விரலில் இருப்பதுபோல இருந்ததால் மெட்டி. எண்ணெயையும் காற்றையும் உறிஞ்சுவது மூக்கு. பிஸ்டன், ரிங், கார்பரேட்டர் என்பதெல்லாம் நான் வளர்ந்து தெரிந்துகொண்டவை. படகு மோட்டாரின் மூக்கு உடைந்திருந்தது, மெட்டிகள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன, நெருப்புப்பொறி உண்டாக்கும் செப்புச்சுருள் சேற்றில் ஊறிச் செத்துப்போயிருந்தது. மோட்டார் சைக்கிள் இவை எல்லாவற்றையும் கொடுத்தது. மெட்டிகள் மட்டும் இம்மியளவு பெரிசு. கத்தி தீட்டும் கல்லில் அப்பா அவற்றைப் பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தார். தனக்கு ஒன்றும் கிடைக்காத வேலையில் அவர் அப்படி உட்கார்ந்திருந்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்று நான் கல் சத்தத்தில் பல் கூசுகிறது என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்தது எண்ணெய். பெட்ரோல் என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. கித்தாவைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து லாரியே ஓட்டுகிறார்களாம் என்று கேள்வி. மாமாவுக்கு ஒரு ரகசியத் தொழில் உண்டு, தோட்டம் முழுவதற்கும் தெரிந்த ரகசியம். வாழைக்கொல்லைக்குப் பின்னால் சம்சு காய்ச்சுவார், சாராயம்தான். அதற்காகவே அம்மா அவரோடு பல நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். இப்போது அந்தச் செப்புப் பானையும் மூடியும் குழாயும் மண்ணுக்கடியிலிருந்து பகலிலேயே வெளியே வந்தன. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். மரத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பானையில் போட்டு மூடி, தீ மூட்டினார். குழாய் வழியாகத் தேன் நிறத்தில் ஒன்று சொட்டியது. அதன் நாற்றத்தில் லயத்துக் கோழிகளெல்லாம் ஆற்றங்கரைக்குக் குடிபோயின.

துரை பெட்ரோலில் வேறு ஒரு வழவழப்பான எண்ணெயைக் கலப்பார் என்பது மாமாவுக்கு நினைவிருந்தது. எங்கள் வீட்டில் வழவழப்பாக இருந்தது விளக்கெண்ணெய் ஒன்றுதான். மாதம் தவறாமல் என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுகிற அந்தப் புட்டியை அம்மா அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அதுவரை மோட்டார்மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த நிமிடத்தில் போய்விட்டது. இப்போது அம்பாங்கானில் மகனோடு இருக்கிறேன். அவன் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். இதைச் சொன்னால், "அம்மா, வெளக்கெண்ணெயில எந்த மோட்டாரும் ஓடாது லா" என்கிறான். அவன் அந்த மோட்டாரைப் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு சிக்கல். மோட்டாரின் தலைமூடிக்கும் உடம்புக்கும் நடுவே காற்றுப் போகாமல் அடைக்க ஒரு தகடு வேண்டும். பழைய தகடு சுத்தியலில் நசுங்கிவிட்டது, மோட்டார் சைக்கிளில் இருந்தது கழற்றும்போது கிழிந்துவிட்டது. தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு, கித்தாவால் அடைக்க முடியாத ஓட்டை உலகத்தில் கிடையாது என்று. வாளிக்கு, கூரைக்கு, செருப்புக்கு, அம்மை போட்ட வீட்டு வாசல் இடுக்குக்குக்கூடக் கித்தாதான். மாமா நல்ல புகைபோட்ட ஷீட்டாகப் பார்த்து வட்டமாக வெட்டி உள்ளே வைத்து முறுக்கினார். அம்மாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

துறையில் ஒரு பீப்பாய்த் தண்ணீரில் மோட்டாரை இறக்கி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். கிளம்பவில்லை. துரையின் முதல் வசவைச் சொன்னார். இழுத்தார். இரண்டாவதைச் சொன்னார். வசவுகள் தீருகிற சமயத்தில் மோட்டார் பெரிதாகத் தும்மியது, பிறகு நிஜமாகவே ஓடியது. நாங்கள் கத்தினோம். கத்தி முடிப்பதற்குள் வெல்லம் கருகுகிற மாதிரி வாடை வந்து, சத்தம் இழுத்து இழுத்து நின்றுபோனது. திறந்து பார்த்தால் கித்தா உருகி, டம்ளர் மெட்டியெல்லாம் களியில் மாட்டின ஈயைப்போல ஒட்டிக்கொண்டு கிடந்தன.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சிரித்தார். பெரட்டு நடந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து மாமா சிரிக்க, கடைசியில் அம்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து அந்தக் களியைக் கத்தி நுனியால் சுரண்டினார்கள். பல நாள் அந்த வேலையே நடந்தது.

சூட்டில் உருகாத, நசுக்கினால் நெகிழ்கிற ஒரு தகடு வேண்டும். எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருந்தது, மாமாதான் தெரியாத மாதிரி இருந்தார். கடைசியில் அம்மா போய் அந்தச் சம்சுப் பானையின் செப்பு மூடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இது போனா திரும்பக் கெடைக்காதுக்கா."

"நீ போனா?" என்று கேட்டாள் அம்மா. மாமா கத்தியை எடுத்து மூடியை வெட்டினார்.

இந்த முறை ஒரு மாலைப்பொழுதில் வெயில் சாயும்போது பீப்பாயில் இறக்கினார்கள். மாமா ஒற்றை ஆளாக நின்று, கயிற்றைச் சுற்றி ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். முதல் வசவுக்குக்கூடத் தேவை வரவில்லை. மோட்டார் பிடித்துக்கொண்டு ஓடியது. பீப்பாய்த் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது, நீலப் புகை எழுந்தது. நிறுத்தி மறுபடி இழுத்தார், மறுபடியும் ஓடியது. அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். எங்கள் மாமா மாதிரி கெட்டிக்காரர் மலாயாவிலேயே கிடையாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் அம்மாதான்.

"நிறுத்துடா அத."

"ஏன்க்கா, இப்பதான..."

"நிறுத்து. லயத்துல காதுல விழப்போவுது." சத்தம் அடங்கியதும் கேட்டாள். "இதுக்கு ஒத்த ஆளு போதுமா?"

"ஒத்தக் கையே போதும்க்கா" என்றார் மாமா பெருமையாக.

"அப்ப ஒத்த ஆளத்தான விட்டுட்டுப் போவான்."

மாமாவின் முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. அப்பாதான், "விடு. மச்சானாவது இங்க இருக்கட்டும். உங்களுக்கு ஒரு துணை வேணுமில்ல" என்றார். அம்மா மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையில் குடத்தைக் கொடுத்து, கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு கிணற்றுத் தண்ணீர் எதற்கு என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

நான் திரும்பி வருவதற்குள் ஒரு நல்ல மோட்டாரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். பொறி கொண்டுபோகிற கம்பி அதுவரை தன்பாட்டில் இறுகக் கவ்விக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கவ்வியைக் காணோம், கம்பி தொளதொளவென்று ஆடியது. அப்பா ஒரு கித்தாத் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, கம்பியை உரிய இடத்தில் அழுத்திப் பிடித்தால்தான் ஓடியது. கையை எடுத்தால் நின்றது. மாமா சுக்கான் பக்கமும் அப்பா கம்பிப் பக்கமுமாக அதன்பிறகு தினமும் அப்படியே பழகினார்கள். பிள்ளைகளிடமெல்லாம் என் மாமா ஒரே இழுப்பில் ஓட்டுவார் என்று பீற்றி வைத்திருந்தேன். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

லாரி வந்தது. மேலே சடக்கில் அது நிற்க, அதிகாரி ஒரு சிப்பாயோடும் கிராணியோடும் துறைக்கு இறங்கி வந்தார். படகில் மோட்டார் மாட்டியிருந்தது. அப்பா கம்பியைப் பிடித்துக்கொள்ள, மாமா இழுத்தார். நல்லபடியாகக் கிளம்பியது. அதிகாரி முகம் மலர்ந்தது. பிறகு அப்பாவைக் காட்டி ஏதோ கேட்டார். இவன் எதற்கு என்று கேட்கிறார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"புடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் ஓடும்னு சொல்லுங்க, கிராணி ஐயா" என்றார் மாமா. கிராணி சொன்னார்.

கயிற்றால் கட்டு என்று அதிகாரி சைகை காட்டினார். மாமா கட்டினார். அவர் கட்டிய அழகில் மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அதிகாரி சிப்பாயைப் பிடிக்கச் சொன்னார். சிப்பாய் கித்தாத் துண்டு இல்லாமல் வெறும் விரலால் கம்பியை அழுத்தினான். மாமா தன் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார். சிப்பாய் அலறிக்கொண்டு துள்ளியதில் அவன் தொப்பி ஆற்றில் போனது. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை.

அதிகாரியும் சிரிக்கவில்லை. குனிந்து, அந்தக் கம்பியைக் கையிலெடுத்து, அதன் நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். வேலை தெரியாதவர் என்று எல்லோரும் அவரை நினைக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"எங்க மாமா ஒத்த ஆளாவே ஓட்டுவாரு! நான் பாத்தேன்! யாரும் புடிக்காமலே ஓடுச்சு!"

அம்மாவின் உள்ளங்கை என் வாயை மூடியபோது எல்லாம் வெளியே வந்துவிட்டிருந்தது. அந்தக் கை ஆற்றுத் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. அப்பா கித்தாத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு கிராணியைப் பார்த்தார். இந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று மலாயில் கேட்டார்.

கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பெரட்டில் பெயர் வாசிக்கிற அதே குரலில், "புடாக் மாவ் நாயேக் போட், துவான்" என்றார்.

பிள்ளை படகில் ஏற வேண்டுமாம் ஐயா. கடைத்தெரு மலாய் எனக்கும் கொஞ்சம் தெரியும். நான் அதையா சொன்னேன்? திருத்திச் சொல்லத் திமிறினேன். அம்மாவின் கை அசையவில்லை.

அதிகாரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கம்பியைக் கீழே விட்டார். மாமாவையும் அப்பாவையும் காட்டி இரண்டு விரலை உயர்த்தினார். "துவா ஓராங்" என்றார். இரண்டு ஆள். கிராணி தலையாட்டிவிட்டு, லாரி எடுக்கலாம் என்று மேலே ஆள் அனுப்பினார். அதிகாரி கரைக்கு வந்து, என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிப் படகில் உட்காரவைத்தார்.

அந்த லாரி காலியாகப் போகவில்லை. எங்கள் லயத்துக்காரர்களும் அதில் இருந்தார்கள், அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவும் மாமாவும் ஜப்பான்காரன் போகும்வரை அந்தப் படகை ஓட்டினார்கள். இரண்டு பேரும் கிழவர்களாகும்வரை இருந்தார்கள்.

ஆனால் அன்று படகில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமா சுக்கானைப் பிடித்திருந்தார், அப்பா கம்பியை அழுத்திக்கொண்டிருந்தார், தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்துகொண்டு ஓடியது. கரையில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத கிராணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவரைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. படித்த மனிதர், மூன்று பாஷை தெரிந்தவர் என்று பேர், நான் சொன்ன இத்தனூண்டு விஷயத்தை மலாயில் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே! அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அவர் சரியாகச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் படகுச் சவாரி கிடைத்திருக்காது. கிராணிக்கு மலாய் அவ்வளவு மோசமாக வந்ததற்காக, கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனுக்கு நன்றி சொன்னேன்.